சக்கை விடாத லிட்டர்

முதல் டம்ளரில் இருந்தது கிட்டத்தட்டப் பாகு. ஒரு மடக்கு குடித்ததும் உதடுகள் ஒட்டின. ஹார்லிக்ஸைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கரைத்தால் எழும் வாசனை. கரும்புச் சாற்றைவிடக் கனமான இனிப்பு. இரண்டாவது டம்ளரில் இருந்ததும் அதே பார்லியிலிருந்து, அதே பாத்திரத்தின் அதே குழாயிலிருந்து, முக்கால் மணி நேரம் கழித்துப் பிடித்ததுதான். ஆனால் பதநீரில் பாதி தண்ணீர் கலந்ததுபோல் மெலிந்திருந்தது. நிறமும் வெளிறி, வைக்கோல் ஊறிய தண்ணீர்போல இருந்தது.

லண்டனுக்கு வெளியே வசிக்கும் நண்பர் ஒருவரின் சமையலறையில், ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. முதல் டம்ளரில் இருந்தது சில மாதங்களில் ஒன்பதரை சதவீத ஆல்கஹால் உள்ள பீராகும். ஒயினைப்போல் சின்னக் கோப்பையில் ஊற்றி மெல்ல மெல்லக் குடிக்க வேண்டியது. இரண்டாவதில் இருந்தது நாலு சதவீத பீராகும்; வேலை முடிந்து வந்தவர் தாகத்துக்குக் குடிப்பது. இரண்டுக்கும் ஒரே மூட்டை தானியம், ஒரே அடுப்பு, ஒரே பகல்.

ஒரே பாத்திரத்துத் தானியத்திலிருந்து வலுவான பீர் ஒன்றும் மெலிந்த பீர் ஒன்றும் எடுக்கும் இந்த முறைக்கு இங்கிலாந்தில் 'பார்ட்டி-கைல்' என்று பெயர். கைல் என்றால் ஒரு தடவையில் நொதிக்க வைக்கும் அளவு. நம் வீடுகளில் ஓர் ஈடு இட்லி என்கிறோமே, அந்த ஈடு. ஓர் ஊறலைப் பகிர்ந்து பல ஈடுகளாக்குவது பார்ட்டி-கைல். ஊறல் என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகளில் போலீஸ் அழித்த செய்தியில்தான் படித்திருப்போம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் 1963 முதல், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அதனால் இந்த அத்தியாயத்தின் அடுப்பு அங்கேதான் எரிகிறது.

அந்த இரண்டு டம்ளர்களும் ஏன் அவ்வளவு வேறுபட்டன என்பதற்கு விடை பார்லியின் சக்கையில் இருக்கிறது. ஈரமான சக்கை தான் குடித்த தண்ணீரை முழுவதும் திருப்பித் தருவதில்லை. கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இரண்டாவது பீர் பிறப்பது அந்த லிட்டரிலிருந்துதான்.

*

பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளும் முன் சூட்டில் உலர்த்தினால் மால்ட். விதை முளைக்கத் தொடங்கும்போது, தன் உள்ளே சேர்த்து வைத்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் என்சைம்களைத் தயார் செய்துகொள்கிறது. குருத்துக்கு உணவு வேண்டுமே. உலர்த்தும்போது குருத்து சாகிறது, என்சைம்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன. கேழ்வரகை முளைகட்டி உலர்த்திக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு இந்த இனிப்பு பழக்கமானது.

மால்ட்டை உடைத்து, வெந்நீரில் கலந்து, சூடு ஆறாமல் மூடி வைப்பதை மாஷ் என்கிறார்கள். 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் பார்லியின் மாவுச்சத்து இளகிக் கூழாகிறது. இளகியதும் இரண்டு என்சைம்கள் வேலையில் இறங்குகின்றன. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீளச் சரம். பீட்டா அமிலேஸ் சரத்தின் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். அந்த இரட்டை மணிதான் மால்டோஸ், ஈஸ்ட்டுக்கு விருப்பமான சர்க்கரை. ஆல்ஃபா அமிலேஸ் சரத்தை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். முன்னது 65 டிகிரி தாண்டினால் சோரத் தொடங்கும்; பின்னது 70-லும் சுறுசுறுப்பாக இருக்கும். நண்பர் 67 டிகிரியில் வைத்தார். இரண்டுக்கும் வேலை கிடைக்கும் நடுவாந்திரம்.

அவர் எடுத்தது 6 கிலோ மால்ட், 18 லிட்டர் தண்ணீர். சுற்றுலாவுக்குக் குளிர்பானம் எடுத்துப்போகும் பெரிய ஐஸ் பெட்டிதான் பாத்திரம். குளிரை உள்ளே அடைத்து வைக்கும் சுவர் சூட்டையும் அடைத்து வைக்கும் அல்லவா? அடியில் துளைகள் போட்ட ஒரு செப்புக் குழாய், வெளியே ஒரு பிடிகுழாய். 18 டிகிரியில் கிடந்த மால்ட்டின் மேல் 74 டிகிரித் தண்ணீரை ஊற்றிக் கிளறியதும் வெப்பமானி 67-இல் வந்து நின்றது. ஒரு மணி நேரம் கழித்து மாஷிலிருந்து வடியும் இனிப்புத் திரவத்தை, அதாவது வடியை, ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் விட்டு அதன்மேல் அயோடின் விட்டார். நீலம் பாயவில்லை, மாவுச்சத்து மிச்சமில்லை என்று பொருள்.

பிறகு குழாயைத் திறந்தார். முதல் இரண்டு மூன்று லிட்டர் கலங்கலாக வந்தது. அதைச் சொம்பில் பிடித்து மேலேயே திருப்பி ஊற்றினார். உமி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தானே ஒரு வடிகட்டியாகிவிட, அதன் பிறகு வந்தது தெளிந்த தேன் நிறம். பார்லி மற்ற தானியங்களை முந்திக்கொண்டு பீருக்கு உகந்ததானதில் இந்த உமிக்குப் பெரிய பங்கு உண்டு. கோதுமை போரடிக்கும்போதே உமியை உதிர்த்துவிடும். கோதுமையை மட்டும் வைத்து மாஷ் செய்தால் களிபோல் அடைத்துக்கொள்ளும். பார்லியின் உமி தானியத்தோடு ஒட்டியே இருக்கும். வடிகட்டும் துணி தானியத்தோடு பிறந்தே வருகிறது.

ஓட்டம் மெலிந்து சொட்டாகி நின்றபோது வாளியில் 12 லிட்டர் இருந்தது. 18 ஊற்றினோம், 12 வந்தது. ஆறு கிலோ சக்கை ஆறு லிட்டரைப் பிடித்துக்கொண்டது.

*

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. நல்ல மால்ட்டின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், சர்க்கரையாகவும் பிற சத்தாகவும் தண்ணீரில் கரையக்கூடியது. ஆறு கிலோவில் சுமார் நாலரை கிலோ. அது 18 லிட்டரில் கரைந்தால், கரைசலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.084 காட்டும், அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிராம் என்றால் இதன் ஒரு லிட்டர் 1084 கிராம். பீர் காய்ச்சுகிறவர்கள் சுருக்கமாக 84 புள்ளி என்பார்கள். (ஹைட்ரோமீட்டரின் கோடுகள் 20 டிகிரிக்குக் கணக்கிட்டவை. அவசரப்பட்டுச் சூடாகவே அளந்து நான் 1.065 என்று வாசித்தேன். சூட்டில் திரவம் விரிந்து லேசாகிவிடும். ஆறவைத்து அளந்ததும் 1.084 வந்தது.)

வாளிக்குப் போன 12 லிட்டரில் இருந்த சர்க்கரை ஏறக்குறைய 2.6 கிலோ. மொத்தத்தில் 58 சதவீதம். மீதி எங்கே? சக்கை பிடித்துக்கொண்டது தண்ணீர்க் கணக்கில் ஆறு லிட்டர்தான். ஆனால் அது வெறும் தண்ணீர் அல்ல, கரைந்த சர்க்கரையால் பெருத்த பாகு. பெருத்ததையும் சேர்த்தால் ஒவ்வொரு கிலோ மால்ட்டின் இடுக்குகளிலும் ஒன்றரை லிட்டர் பாகு தேங்கி நிற்கிறது. வாளியில் இருப்பதும் அதுவும் ஒரே அடர்த்தி. தானியத்துகளுக்கு இடையேயான மெல்லிய சந்துகளில் திரவம் திரியில் எண்ணெய் ஏறி நிற்பதுபோல் நிற்கும். துகளுக்கு உள்ளேயும் ஊறியிருக்கும். புவியீர்ப்பு எவ்வளவு இழுத்தாலும் அது இறங்காது.

இழுத்தால் வராதது கழுவினால் வரும். நண்பர் 75 டிகிரியில் 12 லிட்டர் வெந்நீரை ஊற்றிக் கிளறி, கால் மணி நேரம் விட்டுத் திறந்தார். சக்கை ஏற்கெனவே நிறைந்திருந்ததால் இந்தத் தடவை ஊற்றிய அளவும் வந்த அளவும் ஒன்று. ஆனால் தேங்கியிருந்த பாகு இப்போது இரண்டு பங்குக்கு மேல் பெருகிய திரவத்தில் பரவிவிட்டது. ஹைட்ரோமீட்டர் காட்டியது 1.035. இதில் வந்த சர்க்கரை 1.1 கிலோ, மொத்தத்தில் 24 சதவீதம். மூன்றாம் முறையும் 12 லிட்டர் ஊற்றியிருந்தால் கணக்குப்படி 1.015-தான் வரும், சர்க்கரை அரை கிலோகூட இல்லை. அதற்குப் பிறகும் சக்கையில் 300, 350 கிராம் தங்கியே இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் ஒவ்வொரு முறையும் உள்ளதில் ஒரு பங்குதான் வெளியே வரும். உள்ளது குறையுமே தவிரத் தீராது.

தேங்காய்ப் பால் பிழிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்போம். மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, இரண்டாம் பாலைச் சேர்த்து, இறக்கும்போது முதல் பால். மூன்றையும் கலந்து ஒரே பாலாக ஊற்றுவதில்லை, மூன்றாவதைக் கீழே கொட்டுவதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பீரின் முதல் வடிக்கும் இரண்டாம் வடிக்கும் உள்ள உறவு இதுவேதான்.

மூன்றாம் வடியை நண்பர் எடுக்கவில்லை. காரணம் சோம்பல் அல்ல. மால்ட்டில் உள்ள பாஸ்பேட்டும் அமினோ அமிலங்களும் மாஷின் அமிலத்தன்மையைக் கட்டிக்காக்கும். கழுவக் கழுவ அவையும் அடித்துப் போய்விட, தண்ணீரின் காரத்தன்மை தலைதூக்கும். அமிலம் குறைந்து, பிஎச் 6-ஐ நெருங்கினால் உமியிலிருந்து டானின் இறங்கத் தொடங்கும். தண்ணீர் 77, 78 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். ஒருமுறை போட்ட தேயிலையையே திரும்பக் கொதிக்கவிட்டால் இனிப்பும் மணமும் இல்லாமல் ஒரு துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடிக்குமே, அது. வடி 1.010-க்குக் கீழே போகும்போது குழாயை மூடிவிட வேண்டும் என்ற வழக்கம் இந்தத் துவர்ப்பைக் கண்டு வந்தது.

பெரிய ஆலைகளில் இப்படி நிறுத்தி நிறுத்திக் கழுவுவதில்லை. மேலே பூத்தூறலாக வெந்நீர் விழ, கீழே குழாய் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது அடர்த்தி படிக்கட்டுபோல் இறங்காமல் சரிவாக வழியும்: 84, 80, 65, 40, 20, 10. வலுவான பீர், மெலிந்த பீர் என்ற பிரிவு அந்தச் சரிவில் எங்கும் எழுதியிருக்காது. வாளியை எப்போது மாற்றுகிறோமோ அங்கே பிரிகிறது.

*

எசெக்ஸ் மாவட்டத்தின் ராட்விண்டர் கிராமத்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், எலிசபெத் ராணியின் காலத்து இங்கிலாந்தை விவரித்து எழுதியவர். அரசவை, சட்டம், உடை, நாய்கள் என்று எல்லாவற்றையும் எழுதிய அந்த மனிதர், தன் மனைவியும் பணிப்பெண்களும் மாதம் ஒருமுறை வீட்டில் பீர் காய்ச்சுவதையும் அளவு மாறாமல் குறித்துவைத்தார். எட்டு புஷல் மால்ட், அரை புஷல் கோதுமை, அரை புஷல் ஓட்ஸ். புஷல் என்பது சுமார் 35 லிட்டர் கொள்ளும் பெரிய மரக்கால். அவர்கள் உலை கொள்வது 80 காலன். அந்தக் கொதிநீரை மால்ட்டில் மெல்ல ஊற்றி, கிளறாமல் விட்டுவிடுவார் அந்த அம்மாள். இரண்டாவது உலை கொதிக்கப்போகும் நேரம் முதல் வடியைத் திறந்துவிடுவார். இரண்டாம் தண்ணீர் மால்ட்டுக்கு, முதல் வடி கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவோடு உலைக்கு. பிறகு மூன்றாம் தண்ணீர். 20 ஷில்லிங் செலவில் 200 காலன் பீர்.

எனக்கு அந்த விவரணையில் மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் வடி முடிந்ததை அந்த அம்மாள் எப்படிக் கண்டுகொண்டார்? ஓட்டம் தயங்கி மெலிவதைப் பார்த்து. ஈரத்தின் பெரும்பகுதி வந்துவிட்டது, ஆனால் முழுவதும் வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சக்கை விடாத லிட்டரை அவர் கண்ணாலேயே அளந்தார். வெப்பமானி இல்லை, ஹைட்ரோமீட்டர் இல்லை. மாதந்தோறும் செய்த கையின் பழக்கம்.

இப்படிக் கழுவி எடுத்த மெலிந்த பீருக்கு இங்கிலாந்தில் 'ஸ்மால் பீர்' என்று பெயர். வேலைக்காரர்கள், குழந்தைகள், வயலில் அறுப்பவர்கள் நாள் முழுக்கக் குடித்தது அது. அதில் போதையைவிட உணவும் தாகசாந்தியும்தான் முக்கியம். கொதித்து, ஹாப்ஸ் சேர்ந்து, நொதித்துப் புளித்தன்மை ஏறிய திரவத்தில் நோய்க்கிருமிகள் எளிதில் பிழைக்காது என்பதும் உண்மை.

பிறகு வரி வந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1643-இல் பீருக்குக் கலால் வரி போட்டது. 1660-இல் வரையறுத்தபடி, பீப்பாய் ஆறு ஷில்லிங்குக்கு மேல் விலைபோகும் பீருக்கு 15 பென்ஸ் வரி. ஆறும் அதற்குக் கீழும் என்றால் 3 பென்ஸ். இயற்கையில் சரிவாக வழிந்த ஒன்றின் நடுவில் சட்டம் ஒரு சுவரை எழுப்பிவிட்டது. சுவருக்கு இப்புறம் ஐந்து மடங்கு வரி. வலுவானதை இன்னும் வலுவாக்கி வரி கட்டி, பிறகு மெலிந்ததோடு கலந்து நடுத்தரமாக விற்றால் லாபம். எனவே கலப்பதே குற்றம் என்ற விதியும் பின்னாலேயே வந்தது.

லண்டன் ஆலைகள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு வழி கண்டன. ஒரே மால்ட்டின் எல்லா வடிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பீராகவே காய்ச்சுவது. அதற்கு 'என்டயர்' என்று பெயர். முழுவதும் என்று பொருள். கரிய போர்ட்டர் பீர் இந்த வழியில் பெருகி லண்டனை ஆண்டது. ஆயிரக்கணக்கான பீப்பாய் காய்ச்சும் ஆலைக்கு நாலு வகை பீரைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வதைவிட ஒன்று எளிது. வீட்டு அடுப்பில் இயல்பாக இருந்த பங்கீடு ஆலைக்கு வந்ததும் சுமையானது.

அளக்கும் கருவிகள் வந்தது அப்போதுதான். மைக்கேல் கோம்ப்ரூன் 1762-இல் வெளியிட்ட நூலில் பீர் காய்ச்சுவதற்கு வெப்பமானியைத் துணையாக்கினார். ஹல் நகரத்தின் ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் சாக்கரோமீட்டரைப் பற்றி எழுதினார். பீருக்கென்றே செய்த ஹைட்ரோமீட்டர் அது. அதை மிதக்கவிட்ட ஆலைக்காரர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. மலிவு என்று நம்பி வாங்கிய பழுப்பு மால்ட்டில் கரையும் சத்து, விலை கூடிய வெளிர் மால்ட்டைவிட மிகக் குறைவு. கொடுத்த காசுக்குக் கிடைத்த சர்க்கரையைக் கணக்கிட்டால் வெளிர் மால்ட்தான் மலிவு. அதுவரை நாக்கும் கண்ணும் மட்டுமே நீதிபதிகளாக இருந்த இடத்தில் ஒரு கருவியின் கோடு வந்து உட்கார்ந்தது.

அந்தக் கோடு பழைய பங்கீட்டையும் திருப்பிக் கொண்டுவந்தது, புதிய உருவில். வடியின் அடர்த்தியை எண்ணாக்க முடிந்த பிறகு, முதல் வடி ஒரு பீர், இரண்டாம் வடி ஒரு பீர் என்று சக்கை கொடுத்ததை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 84 புள்ளி வடியும் 35 புள்ளி வடியும் கையில் இருந்தால் நடுவில் உள்ள எந்த எண்ணையும் கலந்தே பெறலாம். சரிபாதி கலந்தால் 60-ஐ ஒட்டி வரும். மூன்று பங்கு முதல் வடியோடு ஒரு பங்கு இரண்டாம் வடி என்றால் 72. பிரதமரும் நிதியமைச்சருமாக இருந்த கிளாட்ஸ்டன் 1880-இல் மால்ட் மீதான வரியை நீக்கி, வடியின் அடர்த்தி மீது வரி போட்டார். அதன் பிறகு புள்ளிக் கணக்கு எழுதாத ஆலை இல்லை. இன்றைக்கு ஆலைக்காரர்கள் பார்ட்டி-கைல் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கலவையைத்தான்.

தேம்ஸ் ஆற்றங்கரையில் சிஸ்விக்கில் இருக்கும் ஃபுல்லர்ஸ் ஆலை இதற்கு நல்ல சாட்சி. ஒரே மாஷின் வலுத்த வடியையும் மெலிந்த வடியையும் தனித்தனிக் கொப்பரைகளில் கொதிக்கவிட்டு, வெவ்வேறு விகிதங்களில் கலந்து, 3.5 சதவீத சிஸ்விக் பிட்டர், பீப்பாயில் 4.1 சதவீதமாக வரும் லண்டன் பிரைடு, 5.5 சதவீத ஈஎஸ்பி, 8.5 சதவீத கோல்டன் பிரைடு ஆகியவற்றை எடுத்தார்கள். நாலும் உடன்பிறப்புகள். பிரிட்டனின் 'காம்ரா' இயக்கம் ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த பீரைத் தேர்ந்தெடுக்கிறது. 1978-க்கும் 1989-க்கும் இடையில் ஈஎஸ்பி மூன்று முறையும், லண்டன் பிரைடும் சிஸ்விக் பிட்டரும் ஆளுக்கொரு முறையும் அந்தப் பட்டத்தைப் பெற்றன. மெலிந்த சிஸ்விக் பிட்டருக்குக் கிடைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் வடி மட்டம் என்ற எண்ணம் நம் மனத்தில் எளிதாக ஏறிவிடுகிறது. அதில் சர்க்கரை குறைவு, அவ்வளவுதான். நாலு மடக்கு குடித்த பிறகும் ஐந்தாவதைக் கேட்கும் சுவையை உருவாக்க வலுவைவிட அதிகக் கவனம் வேண்டும். தவறு நடந்தால் ஒளிந்துகொள்ள அங்கே இனிப்பும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை.

கலக்காமல் பழைய முறையிலேயே செய்தவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் ஆலையை மூழ்கவிடாமல் 1965-இல் வாங்கிய ஃப்ரிட்ஸ் மேடாக், 1975-இல் முதல் வடியை மட்டும் எடுத்து 'ஓல்டு ஃபாக்ஹார்ன்' என்ற வலுத்த பீரைக் காய்ச்சினார். பல ஆண்டுகள் கழித்து, அதே சக்கையைக் கழுவி எடுத்த மெலிந்த பீரும் 'ஸ்மால் பீர்' என்ற பெயரிலேயே கடைக்கு வந்தது.

*

நண்பரின் சமையலறைக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு அடுப்புகளில் இரண்டு பாத்திரங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதித்து, 12 லிட்டர் 10 லிட்டராகச் சுண்டியது. தண்ணீர் ஆவியாகும், சர்க்கரை ஆகாது. எனவே 84 புள்ளி 101 ஆனது, 35 புள்ளி 42 ஆனது.

ஒரே அளவு ஹாப்ஸை இரண்டிலும் போட்டால் போதாதா என்று கேட்டேன். "வலுத்ததுல கசப்பு இறங்காதுங்க" என்றார். ஹாப்ஸ் பூவின் ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறினால்தான் கசப்பாகக் கரையும். வடி அடர்த்தியாக அடர்த்தியாக, கடைசியில் பீரில் தங்கும் கசப்பு குறைந்துகொண்டே போகும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் கிளென் டின்செத்தின் சூத்திரப்படி, 42 புள்ளி வடியில் ஒரு மணி நேரம் கொதித்தால் ஆல்ஃபா அமிலத்தில் நாலில் ஒரு பங்கு கசப்பாக நிற்கும். 101 புள்ளி வடியில் ஏழில் ஒரு பங்குதான். இனிப்பு அதிகமுள்ள பீருக்குக் கசப்பும் அதிகம் வேண்டும், ஆனால் கசப்பு இறங்குவதோ குறைவு. ஆகவே வலுத்ததற்குப் போட்ட ஹாப்ஸ் மெலிந்ததற்குப் போட்டதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

ஈஸ்ட்டிலும் இதே பாரபட்சம். கனமான சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். ஊறுகாயில் உப்பு செய்வதைத்தான் இங்கே சர்க்கரை செய்கிறது. அதைத் தாங்கி, பிறகு தானே உண்டாக்கும் ஆல்கஹாலையும் தாங்க, தொடக்கத்திலேயே நிறைய செல்கள் வேண்டும். கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். செல்லின் தோலுக்குத் தேவையான ஸ்டீராலை ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமல் செய்துகொள்ளாது. கரைசலின் எடையில் சர்க்கரை ஒவ்வொரு சதவீதத்துக்கும், மில்லிலிட்டருக்கு ஏழரை லட்சம் செல்கள் என்பது ஏல் வகை பீர்களுக்கு ஒரு பொதுக் கணக்கு. 42 புள்ளி வடிக்கு அது 80 லட்சத்தை ஒட்டி வரும். 101 புள்ளி வடிக்கு ஒரு கோடியே 80 லட்சம். மெலிந்ததற்கு ஒரு பொட்டலம் ஈஸ்ட், வலுத்ததற்கு இரண்டுக்கு மேல். அவசரமில்லாதவர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு ஞாயிறு மெலிந்த பீரை நொதிக்கவைத்து, அதன் அடியில் பாலேடுபோல் படியும் ஈஸ்ட்டை எடுத்து, அடுத்த முறை காய்ச்சும் வலுத்த வடியில் விடுவது. சுலபமான வேலையில் பெருகி உடம்பு தேறிய கூட்டம் கடினமான வேலைக்கு வருகிறது. வீட்டுத் தயிருக்கு முந்தின நாள் தயிரிலிருந்து உறை எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அன்று அவர் செய்யாத, ஆனால் அடிக்கடி செய்யும் வேலை ஒன்றையும் சொன்னார். முதல் வடி இறங்கியதும் சக்கையின் மேல் கருக வறுத்த மால்ட் இரண்டு பிடியும், கேரமல்போல் இனிக்கும் கிரிஸ்டல் மால்ட் அரை கிலோவும் தூவி, பிறகு இரண்டாம் தண்ணீரை ஊற்றுவாராம். அவை இரண்டுக்கும் என்சைம் வேலை பெரிதாகத் தேவையில்லை, வெந்நீரில் கரைந்தால் போதும். பொன்னிற அண்ணனுக்குக் காபி நிறத் தம்பி பிறப்பான். எந்தப் பீரின் இரண்டாம் வடி என்று குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இரவு எட்டு மணிக்கு இரண்டு வடிகளும் ஆறி, ஈஸ்ட் விட்டு, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்தன. மெலிந்தது ஒரு வாரத்தில் நொதித்து முடித்து, 1.010-இல் நின்று, ஒரு மாதத்துக்குள் தீர்ந்தும் போனது. அதன் கடைசிக் குப்பிக்கு நான் அங்கே இருந்தேன். ரொட்டியின் மணம், பின்னால் வரும் சன்னமான கசப்பு, இனிப்பு என்று சொல்ல எதுவுமில்லை. வலுத்தது 1.028 வரை இறங்கவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அப்போதும் அதில் சாராய நெடி தூக்கலாக இருந்தது. அடுத்த குளிர்காலம்வரை திறக்கக் கூடாது என்று குப்பிகளின் மேல் காகிதம் ஒட்டியிருந்தார்.

காய்ச்சிய அன்று இரவு சக்கையை ஒரு வாளியில் அள்ளிப் பின்கட்டில் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு. காலையில் அதைத் தூக்கியபோது வாளியின் அடியில் அரை டம்ளர் திரவம் ஊறி நின்றது. தன் பாரத்திலேயே அழுந்தி, ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறது. லேசாகப் புளிப்பு வாடை. நண்பர் அதை அளவுக்குழலில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை இறக்கினார். கண்ணாடி மெல்லச் சுழன்று 1.034-இல் நின்றது.